தலைக்கு 500 டாலர்

1980களின் முற்பகுதியில், வான்கூவரில் வாழ்ந்த ஒரு சீன முதியவர் தன் தொகுதி எம்.பி. மார்கரெட் மிட்செலைப் பார்க்கப் போனார். கையில் ஒரு பழைய சான்றிதழ். கனடாவுக்குள் நுழைய 500 டாலர் தலைவரி கட்டியதற்கான அத்தாட்சி அது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

தலைவரி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரில் சாதி பார்த்து வாங்கினார்கள். கனடாவில் இனம் பார்த்து.

கனடாவின் பசிபிக் ரயில் பாதையை, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைகளைக் குடைந்து போட்டவர்களில் 15,000க்கும் மேற்பட்டோர் சீனர்கள். வெள்ளையரைவிடக் குறைந்த கூலி. வெடி வைக்கும் வேலை பெரும்பாலும் இவர்கள் தலையில். பாறை சரிந்தும் நோயிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சீனர் இல்லையென்றால் ரயில் இல்லை என்று 1882இல் வாதாடிய பிரதமர் ஜான் மெக்டொனால்டின் அரசே 1885 ஜூலையில் தலைக்கு 50 டாலர் வரி போட்டது. அந்த நவம்பரில்தான் பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. அந்த அவசரத்தைக் கவனியுங்கள்.

வரி போட்டும் வரத்து நிற்கவில்லை. 1900இல் 100 டாலராக்கினார்கள், 1903இல் 500. ஒரு கூலியாளின் ஏறத்தாழ இரண்டு வருடச் சம்பளம். வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. கடன் வாங்கி வந்த ஏழைக்கு இல்லை. தன் கடனே அடையாதவன் மனைவிக்கு எங்கே போய் இன்னொரு 500 புரட்டுவான்? அவள் சீனாவின் குவாங்டோங் கிராமத்திலேயே தங்கினாள். இப்படி 80,000க்கும் மேற்பட்டோரிடம் வசூலான தொகை சுமார் 2.3 கோடி டாலர். ரயில் கம்பெனிக்கு அரசு ரொக்கமாகக் கொடுத்த மானியம் 2.5 கோடி!

1923இல் கதவையே சாத்தினார்கள். சீனர் வருகையையே தடுத்த சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1, கனடாவின் தேசிய நாள். சீனர்கள் அதை ‘அவமான நாள்’ என்று சொல்லிக் கடைகளை அடைத்தார்கள். கனடாவிலேயே பிறந்த சீனக் குழந்தைகள்கூட அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1947இல் சட்டம் நீங்கும்வரை உள்ளே விடப்பட்ட சீனர் 50 பேருக்கும் குறைவு. கல்யாணமாகியும் தனிக்கட்டையாக விடுதி அறைகளில் கிழடானார்கள் ஆண்கள்.

அந்த முதியவரின் கேள்வி பெரிய இயக்கமாக வளர்ந்தது. 2006 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டி உயிரோடு இருந்தவர்களுக்கும், இறந்தவர்களின் துணைவியருக்கும் தலா 20,000 டாலர். தாய் தந்தை இருவரும் போய், அப்பாவின் சான்றிதழ் மட்டும் மிஞ்சிய பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.