விசைத்தறி என்றே சொல்லி விற்போம்

சங்கரன்கோவிலில் பல தெருக்களில் பேச்சுக் குரலைவிடத் தறிச் சத்தம்தான் உரக்கக் கேட்கும். தென்காசி மாவட்டத்தில் விசைத்தறிக்குப் பேர் போன ஊர் இது. இங்கே நெய்யும் காட்டன் சேலை மெல்லியது, வெயிலுக்கு இதமானது, சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது. ஆசிரியைகளும் நர்சுகளும் தினம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் சேலை. ஒளித்துப் பேச வேண்டிய குறை எதுவும் அதில் இல்லை.

ஆனால் விசைத்தறிச் சேலை ஊர் தாண்டியதும் பல கடைகளில் 'கைத்தறி' ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எந்த விசைத்தறி ஊரின் சரக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. கடைக்காரர் வாயால் சொல்கிறார், இல்லையென்றால் அட்டையில் அச்சடிக்கிறார், இல்லையென்றால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'சுத்தக் கைத்தறி, நெசவாளரிடமிருந்து நேரடியாக' என்று எழுதுகிறார். வாங்குகிறவர் நெசவாளருக்கு உதவுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் கூடுதலாகக் காசு கொடுக்கிறார். அந்தக் கூடுதல் காசு எந்தக் கைத்தறிக்காரருக்கும் போய்ச் சேர்வதில்லை. விசைத்தறித் தொழிலாளிக்கும் வருவதில்லை. கூலி உயர்வு கேட்டு விசைத்தறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிற ஊர் இது. அவர்கள் நெய்த சேலை அவர்களுடைய பெயரை இழந்து விற்கும்போது, நடுவில் இருப்பவருக்குத்தான் லாபம்.

கைத்தறிக்கென்று தனிப் பாதுகாப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. விசைத்தறியின் வேகத்தோடு மனிதக் கை போட்டி போட முடியாது. அதனால்தான் 1985இல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கீடு செய்யும் சட்டம் வந்தது. இப்போது 11 ரகங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. சில வகைச் சேலைகளும் அவற்றில் அடக்கம். 2006இல் மத்திய அரசு கைத்தறி முத்திரையை அறிமுகப்படுத்தியது. 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் நடந்த முதல் தேசியக் கைத்தறி நாள் விழாவில் 'இந்தியா ஹேண்ட்லூம்' பிராண்டும் வந்தது. கைத்தறி என்று சொல்லி ஒருவர் சேலையை நீட்டினால், முத்திரை எங்கே என்று கேட்கலாம். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி, நெசவில் சின்னச் சின்னப் பிசிறு இருந்தால் கைத்தறி என்று சொல்லித் தருகிற வீடியோக்களை நான் நம்புவதில்லை. விசைத்தறித் துணியிலும் ஓரத்தில் துளைத் தடம் விழும். தொழில் தெரிந்தவர் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம். நமக்கு அது கைவராது. ஆனால் 'நூறு சதவீதம் காட்டன்' என்ற இன்னொரு வாக்குறுதியை வீட்டிலேயே சோதித்துவிடலாம். முந்தானை ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று தனித்தனியாக உருவி எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றி எரியும், காகிதம் எரியும் வாடை வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும். ஆறியதும் கருமணி மாதிரிக் கெட்டியாக நிற்கும். இரண்டையும் கலந்த நூலில் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் கெட்டியும் மிஞ்சும். பாவு பருத்தியாகவும் ஊடை கலப்பாகவும் இருப்பதுண்டு, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். இந்தச் சோதனை நூலைக் காட்டும், தறியைக் காட்டாது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'விளம்பரம்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிகவும் அகலமானது. பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம் மட்டுமல்ல. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும், நோட்டீசும், பொருள்மேல் ஒட்டிய லேபிளும், சுற்றிய உறையும், கையில் தரும் பில்லும் விளம்பரம்தான். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொன்னாலும், பொய் உத்தரவாதம் கொடுத்தாலும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தாலும் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். எவ்வளவு பேர் பாதிக்கப்பட்டார்கள், எத்தனை நாள் நடந்தது, அதனால் எவ்வளவு விற்பனை ஆனது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தே தொகை முடிவாகும். எனவே சின்னக் கடைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் ஒரே தொகை விழாது. சின்னக் கடை என்பதற்காகச் சட்டத்தின் பிடி விட்டுப்போகவும் செய்யாது.

மறைப்பது எப்படிப் பொய்யாகிறது என்பதற்கு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் நல்ல உதாரணம். தேர்வில் முன்னணி இடம் பிடித்தவர் எங்கள் மாணவர் என்று படம் போட்டார்கள். அவர் அங்கே வந்தது நேர்காணல் பயிற்சிக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். மாணவர் படித்தது உண்மை, படம் உண்மை. ஆனாலும் பல மையங்களுக்கு ஆணையம் அபராதம் விதித்தது. 'நெசவாளரிடமிருந்து நேரடியாக' என்று எழுதிவிட்டு, எந்தத் தறி என்பதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆடி மாதம் சங்கரன்கோவிலுக்கு இரட்டைக் கூட்டம். கோமதி அம்மனின் ஆடித்தபசுக்கு வருகிற பக்தர்கள் ஒரு பக்கம், ஆடித் தள்ளுபடிக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் இந்த மாதத்துக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. குறைந்த விலையைக் காட்டிக் கடைக்குள் இழுத்துவிட்டு, அந்த விலைக்குச் சேலையே இல்லை என்று சொல்லக் கூடாது. சரக்கு குறைவாக இருந்தால் குறைவு என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். இலவசம் என்றால் அதற்கு வேறு வழியில் காசு வசூலிக்கக் கூடாது. நிபந்தனை இருந்தால், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் போட வேண்டும். தமிழில் கொட்டை எழுத்தில் 50 சதவீதம் என்று போட்டு, அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிபந்தனை வைப்பது விதிமீறல். விலையை ஏற்றிவைத்துப் பிறகு குறைத்துக் காட்டும் பழக்கத்தை எந்த வாடிக்கையாளரும் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார். போன மாதத்து பில் அவர் வீட்டில் இருக்கும்.

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கடைகளைக் காட்டுகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. காசு வாங்கினாலும், சேலையை இலவசமாக வாங்கிக்கொண்டாலும், சாப்பாடு சும்மா கிடைத்தாலும் அதைப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு விளக்கம் வெளியிட்டது. சொன்னது பொய்யென்றால் அபராதம் அவர்களுக்கும் உண்டு; ஓராண்டு வரை விளம்பரமே செய்யக் கூடாது என்று தடையும் வரலாம். தீர விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களைப் பற்றித்தான். மொத்த வியாபாரி குழுவில் படம் போடுகிறார், கீழே 'பியூர் ஹேண்ட்லூம்' என்று எழுதுகிறார். அக்கா அதை அப்படியே சொந்தக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் அனுப்பி, பீசுக்கு ஐம்பது நூறு வைத்து விற்கிறார். சேலை சாயம் போனாலோ, கலப்பு என்று தெரிந்தாலோ வாங்கியவர் கேட்பது அக்காவைத்தான். அக்கா மொத்த வியாபாரிமேல் நுகர்வோர் வழக்குப் போட முடியுமா? மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குகிறவரை இந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆக, பொறுப்பு அவருக்கு உண்டு, இந்தப் பாதுகாப்பு இல்லை. இதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அதனால் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன நூல், எந்தத் தறி, சாயம் நிற்குமா என்பதை மொத்த வியாபாரியிடம் எழுத்தில் கேளுங்கள்; வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், அழிக்காமல் வையுங்கள். பில் வாங்குங்கள். அவர் எழுத்தில் தரத் தயங்கினால் 'கைத்தறி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தெரிந்ததை மட்டும் போடுங்கள். 'காட்டன் சேலை, விசைத்தறி, முதல் துவைப்பில் தனியாக அலசவும், போட்டோவைவிட நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும்' என்று எழுதுகிறவரிடம் சிலர் வாங்காமல் போகலாம். வாங்கியவர் அடுத்த தீபாவளிக்கும் அவரிடம்தான் கேட்பார்.

உண்மையைச் சொல்லியும் விற்க முடியும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் பட்டுச் சேலைகளோடு நெசவாளரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டையை வைக்கத் தொடங்கியது. பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. இன்ன ஊர், இன்ன சரக்கு என்று சொல்வதுதான் அதன் விளம்பரமே. சங்கரன்கோவில் சேலைக்கும் அப்படி ஒரு அட்டை வரட்டும். 'சங்கரன்கோவில் விசைத்தறிக் காட்டன்' என்று முதல் வரி. நூலின் கவுண்ட், நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, தறி உரிமையாளர் பெயர். உற்பத்தியாளர் சங்கமும் கடைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இதற்குப் பெரிய செலவு பிடிக்காது.

ஏமாந்தவர் என்ன செய்யலாம்? முதலில் பில். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது; குறையுள்ள பொருளென்றால் பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது சட்டப்படி தவறு. லேபிள், அட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சேலையைத் துவைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுவது நல்லது.

கடையில் பேசித் தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஊருக்கே பொய் சொல்லும் விளம்பரம் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். புகாரைப் பெற்று விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. பொட்டலப் பொருளில் அதிகபட்ச விலை, எடை, தயாரித்தவர் முகவரி இல்லையென்றால் அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்க வேண்டிய வேலை.

நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேதான் வழக்கு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம்; சூரத்திலிருந்து வந்த சேலைக்காக சூரத்துக்குப் போக வேண்டாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சேலையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள்ளும், இல்லையென்றால் 3 மாதத்துக்குள்ளும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கலாம் என்பதை எதிர்பார்த்தே இறங்குங்கள். மனுவோடு சேலையை வைக்கும்போது, உருவிய நூலை எரித்துப் பார்த்தீர்களே, அந்த ஓரத்தை வெட்டிவிடாமல் அப்படியே விடுங்கள்.