கடலைக் காணாத ஆறு

ஆறுகள் கடலில் கலக்கும் என்று நாம் படித்துள்ளோம். அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் தோன்றும் ஒக்கவாங்கோ ஆறோ, போட்சுவானா நாட்டின் கலகாரி மணற்பரப்பில் பரந்து சதுப்புநிலமாகி மறைகிறது. மேட்டுநில மழைநீர் அங்கு வந்துசேரப் பல மாதங்கள் ஆவதால், மழையில்லாத ஜூன் முதல் ஆகஸ்ட்டு வரையில்தான் வெள்ளம் பெருகும். யானைகளும் எருமைகளும் அந்நீரை நாடித் திரளும்.

நீரும் விலங்கும் இடம் மாறுவதால், அவற்றைக் காணச் செல்வோரும் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு இடம் மாறுவர். இரவில் நீர்யானைகள் கரையேறிப் புல் மேயும். ஆகவே, கூடாரத்தை விட்டு வெளியேறலாகாது. உணவின் மணம் விலங்குகளை ஈர்க்குமாதலால், அதனை உள்ளே வைத்தலும் ஆகாது.

1963ஆம் ஆண்டில் பதவானா மக்கள் தம் நிலத்தின் ஒரு பகுதியை மொரேமி வனவிலங்குக் காப்பகமாக ஒதுக்கினர். அவர்கள் காத்த இடத்தில் நாம் விருந்தினரே. குப்பை ஒன்றையும் விட்டு வராமையே விருந்தினருக்கு அழகு.