வேர்வை காயாத இரவு

"தொண்ணூத்தஞ்சு பெர்சென்ட்லா தம்பி! இந்த ஈரத்துல வேர்வை எப்படிக் காயும்? காயலேன்னா சூடு எப்படி இறங்கும்? இதுக்குப் பகல்லயே ஓடிட்டுப் போயிடலாம்."

கைப்பேசியில் வானிலையைப் பார்த்தபடி பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். எங்கள் ஊர் ஈஜோக்கில் இரவு ஒன்பது மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பினாங்குப் பாலத்து ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதுவரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கால்கள், இது இருபத்தொன்று. அதுவும் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடக்கம்.

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஓர் எடைக் கருவியும் தேவைப்பட்டது.

முதலில் சூட்டுக் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. என் எடை 62 கிலோ. ஆக கிலோமீட்டருக்கு 62. அதில் காலை முன்னே தள்ளுவதற்குப் போவது கால் பங்குகூட இல்லை. மீதி ஏறக்குறைய 48 கிலோகலோரி வெறும் சூடு. 62 கிலோ உடம்பை ஒரு பாகை செல்சியஸ் சூடேற்ற 51 கிலோகலோரி போதும். அப்படியானால் சூடு வெளியேற வழியே இல்லாவிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடம்பு கிட்டத்தட்ட ஒரு பாகை ஏறும். 37இல் கிளம்பினால் ஐந்தாவது கிலோமீட்டரில் 42. அங்கே உயிர் நிற்காது. ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) பாதி வழிகூடப் போக முடியாது.

போக முடிகிறது என்றால் அதற்குக் காரணம் வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை தோலின் மேலேயே ஆவியானால் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய சூட்டை ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு ஈரம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் ஒன்றும் பயனில்லை. அண்ணனின் கவலை அங்கேதான் இருந்தது.

அந்த 95 என்ற எண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தேன். வானிலையில் சொல்லும் ஈரப்பதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பத்தில் எவ்வளவு தங்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 25 பாகையில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் 23 கிராம் நீராவி தங்கும். அதில் 95 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 22 கிராம். இனி எங்கள் ஊர் மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 33 பாகை, ஈரப்பதம் 60 விழுக்காடு. 33 பாகையில் 35 கிராமுக்குச் சற்று மேல் தங்கும்; அதில் 60 விழுக்காடு என்றால் 21 கிராமுக்கு மேல். அதாவது மத்தியானமும் நள்ளிரவும் காற்றில் இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்றே! கடலும் சதுப்பும் ஆறும் சூழ்ந்த இந்தச் சமவெளியில் அது பகலிரவாக அப்படியேதான் இருக்கிறது. காற்று குளிர்ந்ததால் விழுக்காடு ஏறிற்றே தவிர, புதிதாக ஒரு சொட்டு வந்து சேரவில்லை.

ஓடுகிறவனின் தோல் ஏறக்குறைய 35 பாகையில் இருக்கிறது. அதை ஒட்டிய ஈரக் காற்றில் கிட்டத்தட்ட 40 கிராம் நீராவி. வெளியே 22. அந்த 18 கிராம் வித்தியாசம்தான் வேர்வையை இழுத்துக்கொண்டு போகிறது. பகலிலும் அதே 18, இரவிலும் அதே 18. அண்ணன் பயந்த அளவுக்கு இரவு மோசமில்லை. அதோடு இரவில் இரண்டு லாபம். 25 பாகைக் காற்று 35 பாகைத் தோலிலிருந்து நேராகவே சூட்டை வாங்கிக்கொள்ளும். 33 பாகைக் காற்று அப்படி வாங்காது. இன்னொன்று, தலைக்கு மேல் வெயில் இல்லை.

இந்தக் கணக்கு வெறும் விளையாட்டில்லை என்பதற்குத் தோஹா சாட்சி. 2019 செப்டம்பர் 27, உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான். வெயிலைத் தவிர்ப்பதற்கென்றே இரவு 11:59க்குத் தொடங்கினார்கள். காற்று 32 பாகைக்கு மேல், ஈரப்பதம் 73 விழுக்காடு. நம் 95ஐவிடக் குறைவுதானே? ஆனால் அந்தச் சூட்டில் 73 விழுக்காடு என்பது 25 கிராமுக்கும் மேல். தோலுக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் இரண்டு மூன்று பாகைதான். 68 பேர் கிளம்பினார்கள், 28 பேர் முடிக்கவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் சிலர் சக்கர நாற்காலியில் போனார்கள். இரவு என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது. என்ன மாதிரி இரவு என்று பார்க்க வேண்டும்.

உடம்பும் பழகும். இரண்டு வாரம் சூட்டில் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வேர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார். நாலு மணி நேரத்துக்கு மேல், இந்த ஊர் ஈரத்தில்! அப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியவர்களில் நானும் ஒருவன். அவருடைய வேர்வைச் சுரப்பிகளுக்கும் அந்தப் பதக்கத்தில் பங்கு உண்டு என்று இப்போது தெரிகிறது.

சூட்டுக் கணக்கு முடிந்தது. இருட்டு மிச்சம்.

நான் ஓடிப் பழகியது செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில். விளக்கில்லாத இடத்தில் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கண்ணுக்குள் கூம்புச் செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் பொறுப்பேற்க வேண்டும். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து இருட்டில் மெல்லத் திரும்ப உருவாகிறது. அரைமணி நேரம் சேர்த்த இந்தச் சொத்தை, செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு எதிரே வரும் ஒரு லோரி மூன்று நொடியில் அழித்துவிட்டுப் போய்விடும். நான் கற்றுக்கொண்ட தந்திரம், லோரி வரும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வது. அந்தக் கண் இருட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும். இன்னொன்று, மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. எலி பிடிப்பதற்காகத் தோட்டத்தில் கூகைக்குக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு நாள் அதன் மேல் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. முறைத்துப் பார்க்கப் பார்க்கக் காணாமல் போயிற்று; பார்வையைப் பக்கத்து மட்டைக்கு மாற்றியதும் திரும்ப வந்து உட்கார்ந்தது.

நெத்தி லைட்டு வாங்கியபோது அம்மா சிரித்தார். "நாங்க வேலைக்குக் கட்டினதை நீ காசு குடுத்து விளையாட்டுக்குக் கட்டுற." அவர் கித்தா (ரப்பர்) வெட்டிய காலத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கோடு காட்டுக்குள் போவார். ஏன் இருட்டிலேயே வெட்ட வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயிலேறினா பால் வராது" என்பார். காரணம் இதுதான்: இரவில் இலை நீரை வெளிவிடாததால் மரம் நீரால் நிரம்பியிருக்கும், பால்குழாய்களின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் பத்து மடங்கு அளவுக்கு ஏறியிருக்கும். வெயில் வந்து இலை வேர்க்கத் தொடங்கினால் அழுத்தம் விழுந்துவிடும். மரமும் வேர்வையால்தான் நீரை இழக்கிறது, நானும் அப்படியே. இருவருக்கும் இருட்டு வசதி.

ஆனால் விளக்கை எங்கே கட்டுவது என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டை சீவுகிறவருக்குக் கண் போகும் இடத்தில் வெளிச்சம் வேண்டும்; நெற்றிதான் சரி. ஓடுகிறவனுக்கு நெற்றி விளக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெளிச்சமும் பார்வையும் ஒரே திசையிலிருந்து வருவதால் குழியின் நிழல் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. சடக்கு தட்டையாகத் தெரியும், கால் உள்ளே போன பிறகுதான் குழி என்று தெரியும். இடுப்பில் கட்டினேன். சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழுந்தது. பூச்சிகளும் வாய்க்குள் போவதை நிறுத்தின.

பூச்சி என்றதும் கம்போங் குவாந்தானைச் சொல்லாமல் விட முடியாது. கோலசிலாங்கூரில் ஆற்றோரம், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களையெல்லாம் சம்பானில் ஏற்றிக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துப்போன இடம். ஓடத் தொடங்கிய பிறகு ஒரு தடவை போனபோது புதிதாகத் தெரிந்தது. டெரொப்டிக்ஸ் டெனர் என்ற அந்த இனத்தின் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன, நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. பழகிய ஓட்டக்காரனின் காலடியும் நிமிடத்துக்கு 180, அதாவது நொடிக்கு மூன்று. தற்செயல்தான். ஆனாலும் படகில் உட்கார்ந்தபடி என் கால் விரல்கள் தானாகத் தாளம் போட்டன.

தற்செயல் இல்லாத உறவு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்கெல்ராய் என்ற ஆய்வாளர், நூறு மின்மினிக்கு 25 சென்ட் என்று பால்டிமோர் பிள்ளைகளிடம் விலைக்கு வாங்கினார். அரைத்துப் பார்த்தார். மின்மினியின் ஒளிக்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும் என்று 1947இல் கண்டுபிடித்தார். அதே ஏடிபிதான் என் தொடையையும் இயக்குகிறது. உடம்பில் எந்த நேரமும் கையளவுதான் இருக்கும். செலவாகச் செலவாகத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே நாணயத்தைப் பூச்சி ஒளியாக மாற்றுகிறது, நான் அடியாக மாற்றுகிறேன். மாற்றும் கடையில்தான் வித்தியாசம். மின்மினிக்குள் ஒளி தரும் லூசிஃபெரின் என்ற மூலக்கூறு நூறு எரிந்தால் 88 ஒளித்துகள் வரும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள்; 2008இல் ஜப்பானில் திரும்ப அளந்து 41 என்று திருத்தினார்கள். அப்படிக் குறைத்த பிறகும் அந்த வெளிச்சத்தைக் கையில் வைத்தால் சுடாது. என் தொடையோ நாலில் மூன்று பங்கைச் சூடாகக் கொட்டிவிட்டு, அதை அகற்ற லிட்டர் கணக்கில் தண்ணீர் கேட்கிறது.

இனிப் பாலம். 1985இல் திறந்தது, நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேலே. முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. உடம்பின் உள்கடிகாரம் யாருடைய ஓட்டத்துக்காகவும் மாறாது. உடல் வெப்பம் சாயங்காலம் உச்சத்திலும் விடியற்காலை நாலு ஐந்து மணிக்கு அடிமட்டத்திலும் இருக்கும். நான் ஓடப்போவது சரியாக அந்தப் பள்ளத்தில். தசை இறுகியிருந்தது, கொட்டாவி வந்தது. ஆனால் அரைப் பாகைக்கு மேல் குளிர்ந்த உடம்போடு தொடங்குவதும் ஒரு சேமிப்புதான்.

போகும்போது கடற்காற்று முதுகில் தள்ளியது. ஆஹா என்று ஓடினேன். ஐந்தாவது கிலோமீட்டரில் பனியன் நனைந்து தொப்பலானது, தலை கனத்தது. காற்று இருக்கும்போது ஏன் இப்படி என்று புரியவில்லை. பிறகு புரிந்தது: நான் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், காற்றும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடவே வருகிறது. என் தோலைப் பொறுத்தவரை காற்றே இல்லை. நானே கிளப்பிய நீராவியைப் போர்த்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பும் இடத்தைச் சுற்றியதும் அதே காற்று முகத்தில் வந்து அடித்தது. கால் கனத்தது, உடம்பு குளிர்ந்தது. இரண்டாம் பாதி மெதுவாகப் போனாலும் அதுதான் சுகமாக இருந்தது.

இரண்டு மணி இருபத்து நாலு நிமிடம். ஓட்டத்துக்கு முன் 62.1 கிலோ, முடித்து வந்து துடைத்துக்கொண்டு நின்றபோது 60.4. வழியில் குடித்தது ஏறக்குறைய 700 மில்லிலிட்டர். ஆக 2.4 லிட்டர் வேர்த்திருக்கிறேன். இருபத்தொரு கிலோமீட்டரில் உண்டான சூடு ஏறக்குறைய ஆயிரம் கிலோகலோரி. அதில் கால் பங்கைக் காற்று நேராக வாங்கியிருந்தால், மீதியை அகற்ற 1.3 லிட்டர் ஆவியானால் போதும்.

ஊருக்கு வந்ததும் அண்ணனிடம் தாளில் எழுதிக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அப்ப மீதி ஒரு லிட்டரு?"

கொல்லையில் சப்பாத்து கிடந்தது. எடுத்துக் கவிழ்த்தேன்.