முள்ளைத் தொடாத கேபிள்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில், வேகம் காட்டும் முள் நகர பேட்டரி தேவையில்லை. கியர்பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு வரை போகும் ஒரு கேபிள் போதும். கார் ஓடினால், அவுட்டர் எனப்படும் உறைக்குள் இன்னர் கம்பி சுழலும்.

ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மீட்டர் முகப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1280 என்றிருந்தால், ஒரு மைலுக்குக் கேபிள் 1280 சுற்று சுற்ற வேண்டும் என்று பொருள். மணிக்கு 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1280 முறை சுழல்கிறது. வேறு காரின் மீட்டரை வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்காவிட்டால், முள் என்றைக்கும் தப்பாகத்தான் காட்டும்.

இவ்வளவு சுழன்றும் கேபிள் முள்ளைத் தொடுவதே இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கேபிளின் மேல்நுனி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதை நெருங்கி, ஆனால் உரசாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் இருக்கிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தம் சுழலச் சுழல அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம், கிண்ணத்தையும் காந்தம் போகும் திசையிலேயே திருப்பும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை கோரிய ஏற்பாடு இது.

முள் துடித்தால் பலரும் மீட்டரைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் காரணம் கேபிள்தான். இன்னர் வறண்டோ வளைந்தோ போனால் ஓரிடத்தில் சிக்கி, முறுக்கேறி, சட்டென்று விடுபடும். காந்தம் திணறித் திணறிச் சுழலும்; முள்ளும் தாவும்.

இன்னர் அறுந்தேவிட்டால் புதியதை மாட்டுவதற்கு முன், ஏன் அறுந்தது என்று பாருங்கள். மீட்டர் இறுகியிருக்கலாம், அவுட்டர் எங்காவது மடங்கியிருக்கலாம். காரணத்தை அப்படியே விட்டால் புதிய கேபிளுக்கும் அதே கதிதான்.

மீட்டரின் பின்னால் உள்ள நட்டைக் கழற்றி, காரை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். நுனி சுழலவில்லை என்றால் இன்னர் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம் தேய்ந்திருக்கும். கீழ்முனைக்குக் காரின் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். அங்கே எண்ணெய் கசிந்திருந்தால் சீலையும் பாருங்கள்.

புதிய கேபிளைக் கூர்மையான திருப்பம் இல்லாமல், சூடான எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். இன்னரில் கிரீஸைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசுங்கள். மேல்முனையில் சுமார் 8 அங்குலத்துக்கு எதுவும் வேண்டாம். முறுக்கிய கம்பி திருகு போல வேலை செய்து கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால், இருக்கிற வேகத்தைவிட அதிகம் காட்டும்.

இன்னரின் நுனி சதுரமானது. அது எதிரே உள்ள சதுரத் துளைக்குள் பொருந்தியிருந்தால் நட்டு விரலாலேயே கடைசிவரை ஏறும். பாதியில் நின்றால் குறடை எடுக்காதீர்கள். உள்ளே சதுரம் சதுரத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. இன்னரைச் சற்றுத் திருப்பினால் தானே உள்ளே விழும்.

ஓட்டிப் பார்க்கும்போது மைல் எண்கள் நகர்ந்து, முள் மட்டும் அசையாமல் இருந்தால் கேபிளைத் திரும்பக் கழற்ற வேண்டாம். அந்த எண்களை ஓட்டுவதும் அதே கேபிள்தான். கோளாறு கிண்ணத்திலோ சுருள்வில்லிலோ இருக்கிறது. மீட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.