அங்குலம் மட்டும் கேட்டால் போதாது

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் அலாய் வாங்க வருபவர்கள் முதலில் டிசைனைப் பார்க்கிறார்கள். அடுத்து, "பதினாறு இஞ்ச் இருக்கா?" என்று கேட்கிறார்கள். பிறகு விலை. ரிம்மின் பின்பக்கம் பொறித்திருக்கும் 'ஈ.டி.' எண்ணை, அதாவது ஆஃப்செட்டைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நாளைக்கு டயர் மட்கார்டில் உரசுமா, பேரிங் சீக்கிரம் தேய்ந்து ஊளையிடுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

நம் தெருக்களில் அதிகம் ஓடும் ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த மாடலில் அடிப்படை வண்டிக்கு 165/80 ஆர்14 டயர், விலை கூடிய வண்டிக்கு 185/65 ஆர்15. இரண்டாவதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ., டயரின் பக்கச்சுவர் உயரம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல ரிம். கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 14 அங்குல டயருக்கும் கணக்குப் போட்டால் 619.6 வருகிறது. ரிம் பெரிதானாலும் சக்கரத்தின் மொத்த உயரம் மாறாமல் கம்பெனியே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாமும் அந்த வழியில் போவதுதான் சரி. 16 அங்குலத்துக்குப் போவதென்றால் 195/55 ஆர்16 பொருந்தும். அதன் விட்டம் 620.9. "205/55 போடுங்க சார், கம்பீரமா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் விட்டம் 10 மி.மீ. கூடிவிடும். பழைய டயரில் காட்டும் அதே வேகத்தை முள் காட்டும்போது வண்டி சுமார் 1.7 சதவீதம் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பதினாறில் இன்னொரு இழப்பும் உண்டு. பக்கச்சுவர் 120லிருந்து 107 மி.மீட்டராகக் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். மழைக்காலத்தில் குண்டும் குழியுமான சாலையில் தினமும் போய் வருபவருக்கு 15 அங்குலமே போதும் என்பது என் கருத்து. டயரின் சுமை எண்ணையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545 கிலோ. கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இனி ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பில் போய் உட்காரும் முகம், அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுவே ஆஃப்செட். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதியது 7 அங்குலம், ஆஃப்செட் 40. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அகலம் ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஏற்கெனவே கூடிவிட்டது. வெளிப்பக்கம் அதோடு 5 சேர்ந்து 17.7 மி.மீ. நீட்டும். உள்பக்கம் 5 கழிந்தும் 7.7 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். காலியாக நிற்கும் வண்டியில் இது தெரியாது. ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது தெரியும்.

உரசாவிட்டாலும் கவலை தீராது. சக்கரம் வெளியே போகப் போக, வண்டியின் எடை பேரிங்கை நெம்புகோல்போல் அழுத்துகிறது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையை இழுக்கிறது. இடையில் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினாலும் இதே விளைவுதான்.

போல்ட்டுத் துளைகளின் எண்ணிக்கையையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் சேர்த்து பி.சி.டி. என்கிறார்கள். ஸ்விஃப்ட்டுக்கு 4x100, சில ஃபியட் கார்களுக்கு 4x98. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றின் ரிம்மை மற்றதில் மாட்டி நட்டை முடுக்கினால் நட்டு சாய்ந்து உட்காரும். ஓட ஓடத் தளரும். உயிரோடு விளையாடும் வேலை அது. நடுத்துளையும் ஹப்போடு பொருந்த வேண்டும். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. ரிம்மின் துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சக்கரத்தை டயரோடு மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். பின்சக்கரத்திலும் அதேபோல் மாட்டி, பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து மட்கார்டு இடைவெளியைக் கையால் தடவிப் பாருங்கள். புது அலாயோடு புது நட்டும் கொடுத்தார்கள் என்றால் பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். டிக்கியில் இருக்கும் இரும்பு ரிம் ஸ்டெப்னிக்கு அவைதான் பொருந்தும்.