பெண் மூளை சும்மா வந்துவிடுகிறதா?

“பெண்ணாய்ப் பிறந்தால் பெண் மூளைதானே இருக்கும்? இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

1959-ல் அமெரிக்காவில் கான்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் பீனிக்ஸ் முதலிய நால்வர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பமாயிருந்த கினிப் பன்றிகளுக்கு (பெயர்தான் பன்றி, பிராணி பரம சாது) டெஸ்டாஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும், ஜோடி சேரும் விஷயத்தில் ஆண்களைப் போல நடந்துகொண்டன! ஹார்மோன் வந்தால் ஆண் மூளை. ஒன்றும் வராவிட்டால் பெண் மூளை என்று பலரும் தீர்மானித்துவிட்டார்கள். அதாவது, ஒன்றும் நடக்காததால் மிஞ்சியது பெண் மூளை. கேட்கும்போதே கொஞ்சம் ரோஷம் வருகிறது, இல்லையா?

அந்தத் தீர்மானம் ஆட்டம் கண்ட கதைக்கு வருமுன் ஒரு சமையல் விஷயம். இரண்டு வீடுகளில் ஒரே சமையல் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மாமியாருக்கு வெங்காயம் ஆகாது. மருமகள் வெங்காய சாம்பார், வெங்காயப் பச்சடிப் பக்கங்களையெல்லாம் குண்டூசி குத்தி மூடிவிட்டாள். புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அந்த வீட்டுச் சாப்பாடே வேறு. நம் உடம்பின் அணுக்களிலும் இப்படித்தான். ஜீன்கள் என்பது புத்தகம். அதில் மீதைல் என்னும் சின்னஞ்சிறு ரசாயனத் துண்டு போய் ஒட்டிக்கொண்டால், அந்தப் பக்கம் பெரும்பாலும் மூடினது மூடினதுதான். இதைப் பற்றிய சாஸ்திரத்துக்கு ‘எபிஜெனிடிக்ஸ்’ என்று பெயர்.

மேரிலாந்து சர்வகலாசாலையில் டாக்டர் மார்கரெட் மெக்கார்த்தியும், பிரிட்ஜெட் நூஜென்டும், மற்றத் தோழர்களும் அப்போதுதான் பிறந்த எலிக் குஞ்சுகளின் மூளையை ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் அடிப்பாகத்தில், ஜோடி சேருவதற்கும் குட்டிகளைப் பேணுவதற்கும் தலைமைக் காரியாலயம் போல ஓர் இடம் உண்டு. பெண் குஞ்சுகளுக்கு அங்கே குண்டூசி குத்தும் என்ஸைம் மும்முரமாய் வேலை செய்கிறது. ஆண் குஞ்சுகளுக்கோ, டெஸ்டாஸ்டிரோன் மூளைக்குள் போய் எஸ்டிரடையாலாக மாறி அந்த என்ஸைமை மட்டுப்படுத்துகிறது. ஊசிகள் உதிர, ஆண் பக்கங்கள் திறந்துகொள்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்டிரடையால் உலகமெல்லாம் ‘பெண் ஹார்மோன்’ என்று பெயர் வாங்கியது!

பெண் குஞ்சுகளின் மூளையில், என்ஸைமைத் தடுக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை வளர்ந்து ஆண் எலிகளைப் போல நடந்தன. மூளை ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும் பருவம் எலிக்குப் பிறந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும் என்பார்கள். அது முடிந்த பிறகு கொடுத்தும் மருந்து பலித்தது. ஆகவே ஆண் பக்கங்கள் பெண் எலியிடமும் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றை மூடிவைக்கும் காவல்தான் அவளைப் பெண் எலியாக வைத்திருக்கிறது. சும்மா மிஞ்சிய சரக்கு அல்ல அது.

இந்தக் குண்டூசி விவகாரத்தில் தாய்க்கும் பங்கு உண்டு. தாய் எலி பெண் குஞ்சைவிட ஆண் குஞ்சையே அதிகமாக நக்கிக்கொடுக்கும். பிள்ளை மேல் தனிப் பாசம் என்று அவசரப்படாதீர்கள்! ஆண் குஞ்சின் வாசனைதான் அவளை இழுக்கிறது என்று ஸீலியா மூர் என்ற அம்மையார் காட்டினார். விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஆன்டனி ஆகரின் குழுவினர் மிருதுவான பிரஷ்ஷை நாக்குக்குப் பதிலாக வைத்துப் பெண் குஞ்சுகளை வருடிக்கொடுத்தார்கள். மூளையில் ஒரு குறிப்பிட்ட ஜீனின் ஊசிகள், ஆண் குஞ்சுகளிடம் இருப்பதுபோலவே மாறியிருந்தன. 2010-ல் வெளியான இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தாயின் தடவல் தோலோடு நிற்கவில்லை, பாருங்கள்!

எலியைக் காட்டி, “பெண்ணுக்குக் கணக்கு வராது” என்று யாரேனும் கிளம்பினால் நம்பிவிட வேண்டாம். மனிதர் மூளையில் ஹார்மோன் வேலை செய்யும் வழியே முழுக்க இப்படி இல்லை. டெல் அவீவ் சர்வகலாசாலையின் டாஃப்னா ஜோயல் முதலியோர் 1,400-க்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். தலை முதல் கால் வரை ‘ஆண் ஜாடை’ அல்லது ‘பெண் ஜாடை’ கொண்ட மூளை மிகச் சிலருக்கே இருந்தது. மற்றவர்களில் ஏராளமானோருக்கு ஒரு மூலை இப்படி, ஒரு மூலை அப்படி. மொத்தமாய்ச் சேர்த்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அதற்காக, மூலைக்கு மூலை காணும் அந்தக் கலப்பு இல்லையென்று ஆகிவிடவில்லை.