மலிவாகப் பூசினால் மிச்சமா?

பழைய ஓட்டோவையோ வானையோ நம்பிக் குடும்பத்தை நடத்தும் சகோதரிகள் நம்மிடையே பலர். வர்ணம் பூச விசாரித்தால், ஒரு கராஜ் சொல்லும் தொகையைப்போல இருமடங்கை இன்னொன்று கேட்கும். ஏன் இந்த வேறுபாடு?

விலையைக் கூட்டுவது வர்ணத்தைவிட அதற்கு முந்திய வேலையே. நெளிவை நிமிர்த்தி, துருவை அகற்றி, பட்டி வைத்துத் தேய்த்து, அடிப்பூச்சு இடப் பல நாட்கள் செல்லும். மெற்றாலிக் நிறங்களுக்கு மேலே நிறமற்ற காப்புப்பூச்சும் தேவை.

துருவை மூடிப் பூசினால் வர்ணம் விரைவில் கொப்பளித்து உரியும். சிறுகச் சிறுகச் சேர்த்த காசும் வீணாகும். நிறத்தையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் திருத்த வேண்டும்.

ஆகவே, எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அது உங்கள் உழைப்பின் பணம்.